ஒன்பதாம் மேசையின் கை

தீர்ப்பு வந்த மறுநாள் செய்தித்தாளில் கோதண்டத்தின் முகம் தபால்தலை அளவுக்கு வந்திருந்தது. அவருடைய கையின் அலைக்கோடு அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. முகத்தை இப்போது யார் பார்க்கிறார்கள்? முகம் பொய் சொல்லும், சாட்சிமணி சொல்லாது என்று பள்ளிக்கூடச் சுவர்களிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

செய்யாறு சாட்சிமணி ஆலையின் உணவுக்கூடத்தில், யாரோ படித்துவிட்டுப் போட்ட அந்தத் தாள் பொங்கல் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. தில்லைக்கரசி முதலில் சும்மாதான் பார்த்தாள். கோட்டில் ஐந்து மேடுகள். நான்காவது மேட்டின் வலது சரிவில் ஒரு சின்னப் புடைப்பு. வாயில் போட்ட பொங்கல் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாடி, கல்லு கடிச்சிட்டியா?" என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த ஜெபராணி. எட்டாம் மேசைக்காரி.

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாமல் இல்லை. அந்தப் புடைப்பு எப்படி வந்தது என்று தில்லைக்கரசிக்குத் தெரியும். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டி உடைந்த அவளுடைய மோதிரவிரல், ஊசிக்குழலை அழுத்தும்போது சில நாட்களில் நான்காவது முறை ஒரு கணம் சிக்கும். அந்த ஒரு கணம்தான் புடைப்பாகிவிடும். ஊரெல்லாம் அதைக் கொலைகாரனின் கை என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தன் கையாகத் தெரிந்தது.

கோதண்டம் ஆரணியில் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். ஐம்பது வயது. மூன்று வருடம் முன்பு ஒரு வீட்டில் யாரோ எரிவாயு உருளையைத் திறந்துவிட்டதில் ஒரு தாயும் மகளும் கருகிப்போனார்கள். உருளையின் திருகில் ஒட்டியிருந்த சாட்சிமணிகள் கோதண்டத்தின் பதிவோடு அச்சு அசலாகப் பொருந்தின. 'நான் அந்தத் தெருவுக்கே போனதில்லைங்க' என்று அவர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயுள் தண்டனை.

சாட்சிமணி என்பது ஒரு படிகத் துகள். ஒரு தலைமுடியின் குறுக்கே இருபதாயிரம் மணிகளை வரிசையாக அடுக்கலாம். ஊதா விளக்கு பட்டால் ஒளிரும். அதில் வேடிக்கை என்னவென்றால் எல்லா மணியும் ஒரே பொருள்தான், அளவுதான் நிறத்தைத் தீர்மானிக்கும். சிறுத்தால் நீலம், கொஞ்சம் வளர்ந்தால் பச்சை, இன்னும் வளர்ந்தால் சிவப்பு. ஓர் அணு அடுக்கு கூடினாலும் நிறம் நகர்ந்துவிடும். ஐந்து அளவுகளை ஏதோ ஒரு விகிதத்தில் கலந்து, குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு புட்டி. அந்தக் கலவையின் ஒளியை வரைந்தால் வரும் ஐந்து மேட்டுக் கோடுதான் அவரவர் அலைக்கோடு. பிறந்த மாதத்தில் உள்ளங்கையில் பூசிக்கொள்ள வேண்டும். சோப்புக்குப் போகாது. வருடம் முழுக்கத் தொட்ட இடத்திலெல்லாம் கொஞ்சம் உதிர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த வருடம் புதுப் புட்டி, புது அலைக்கோடு. திருட்டு ஒழிந்தது. ஊரில் பாதிப் பேர் பூட்டு வாங்குவதையே விட்டுவிட்டார்கள்.

ஆரம்பத்தில் மணிகளை இயந்திரம்தான் செய்தது. அதற்குச் சலிப்பு கிடையாது, சொன்னதைச் சொன்னபடி செய்யும். கடைசியில் முந்நூறு பேருக்கு ஒரே அலைக்கோடு என்று கண்டுபிடித்தார்கள். சரி, கணினியே தினம் ஒரு செய்முறையை இஷ்டத்துக்குப் போடட்டும் என்றால், அந்தச் செய்முறையை எவனாவது திருடி அடுத்தவன் கையைத் தயாரித்துவிடுவானே என்ற பயம். கடைசியில் ஆலைக்கு மனிதர்களைக் கூப்பிட்டார்கள். மனிதக் கை ஒன்றை இரண்டாம் முறை அப்படியே செய்யாது. அதில் திருடுவதற்குச் செய்முறையும் இல்லை.

நாற்பது மேசை, நாற்பது பேர். கொதிக்கும் எண்ணெயில் ஊசிக்குழலால் கரைசலைப் பாய்ச்ச வேண்டும். பாய்ச்சிய நொடியில் மணிகள் பிறக்கும், பிறகு வளரும். மனம் சொல்லும்போது அடுத்த பாய்ச்சல். இப்படி ஐந்து. முடிவில் குளிர்ந்த எண்ணெய் ஊற்றினால் வளர்ச்சி நின்றுவிடும். கூடத்துக்குள் கடிகாரம் கூடாது, பாட்டு கூடாது, வாய்க்குள் முணுமுணுப்பதும் கூடாது. கைக்குத் தாளம் கிடைத்துவிடக் கூடாது என்பதில் ஆலை அவ்வளவு கண்டிப்பு.

தாளம் கூரையில் இருந்தது. ஒன்பதாம் மேசைக்கு மேலே புகைபோக்கி விசிறியின் தாங்கி தேய்ந்து, சுற்றுக்கு ஒரு தரம் 'டக்' என்று தட்டும். தில்லைக்கரசி அதை எண்ண ஆரம்பித்தது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை. முதல் பாய்ச்சலுக்குப் பின் பதினொன்று. அப்புறம் ஏழு. பத்தொன்பது. ஒன்பது. பதிமூன்று தட்டில் குளிர் எண்ணெய். வேறு எண்களும் போட்டுப் பார்த்தாள்தான். ஆனால் கை தனக்குப் பிடித்த எண்களுக்கே திரும்பித் திரும்பி வந்தது, பேருந்தில் பழகிய இருக்கையைத் தேடுவதுபோல.

நல்லவேளை, அவளுடைய மணிகள் கெடுவதே இல்லை. மற்றவர்களின் குடுவைகள் திரிந்துபோகும், கட்டியாகும். அவளுடையது ஒன்றுகூட வீணாகாது. நாலு வருடமாக அறிவிப்புப் பலகையில் 'வீணில்லாக் கை' என்ற தலைப்பில் அவள் படம் தொங்கியது. தில்லைக்கரசிக்கு அதில் பெருமை. சேலை கட்டிக்கொண்டு போய் எடுத்துக்கொண்ட படம். அதனால்தான் அவளை வேறு மேசைக்கு மாற்றவும் இல்லை.

மூன்று வருடம் முன்பு, ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் முடித்த குடுவையிலிருந்து ஒரு துளியைக் கண்ணாடிக் குழலில் எடுத்து, ஒளியை அளக்கும் அலைமானியில் வைத்தாள். அலைமானி எல்லாப் பழைய பதிவுகளோடும் ஒப்பிட்டுவிட்டு, 'ஏற்கெனவே உள்ளது. குழல் கழுவப்பட்டதா?' என்று கேட்டது.

இந்தக் கேள்வியை நாற்பது மேசைக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். முந்தைய மாதிரி குழலில் ஒட்டியிருந்தால் வரும். கழுவிவிட்டு வைத்தால் போய்விடும். அவள் கழுவினாள். மறுபடியும் 'ஏற்கெனவே உள்ளது.' இன்னொரு தரம் கழுவினாள். அதே பேச்சு. விதிப்படி அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டு, ஏன் என்று ஒரு தாள் எழுதிக்கொடுக்க வேண்டும். பலகையில் படம் இறங்கிவிடும்.

கூடத்தில் இதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. 'உறை ஊத்துறது' என்பார்கள். வேறு குடுவையின் மிச்சத்தில் ஒரு சொட்டைக் குழலுக்குள் விட்டால் அலைக்கோடு நகர்ந்துவிடும், அலைமானி 'புதியது. ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று சமாதானமாகிவிடும். புட்டியில் போவது ஒன்று, பதிவில் ஏறுவது ஒன்று. யாருக்கும் அது தப்பாகவே படவில்லை. ஒன்றுபோல் இன்னொன்று வரவே வராது என்றுதானே எல்லோருக்கும் பாடம்? அப்படியென்றால் தப்பு குழலில்தான் இருக்கவேண்டும், குடுவையில் இருக்கமுடியாது.

தில்லைக்கரசி ஒரு சொட்டு ஊற்றினாள். வண்டிக்கு நேரமாகியிருந்தது.

செய்தித்தாளைப் பார்த்த பிறகு பதினோரு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் பதினோரு நாள்தான். குழாயைத் திருகினால் உருளையின் திருகு ஞாபகம் வந்தது. அவளுடைய ஆறு வருடக் குறிப்பேடுகளையும், எந்தப் புட்டி யாருக்குப் போனது என்ற ஆலைப் பதிவேட்டையும் புரட்டிப் பார்த்தாள். அந்த ஆடிச் செவ்வாய்க்கு ஏழு வாரம் முன்பு செய்த குடுவையில் அதே எண்கள், பக்கத்தில் 'விரல் சிக்கியது' என்று அவள் கையெழுத்து. அது கோதண்டத்துக்குப் போன புட்டி. ஆடிச் செவ்வாயின் புட்டி, எரிந்த வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிக் குடியிருந்த ஒருவனுக்குப் போயிருந்தது. அவன் அந்தப் புட்டியை என்றோ பூசித் தீர்த்துவிட்டு, அதற்குப்பின் இரண்டு புட்டி மாற்றியிருந்தான். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே இருந்ததோ உறை ஊற்றிய பொய்.

பன்னிரண்டாம் நாள் பிரிவு மேலாளர் பாலகுருவிடம் போனாள். அவர் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தில்லைக்கரசி, நீங்க ஓவரா யோசிக்கறீங்க. ரெண்டு குடுவை ஒண்ணா வரும்னு சொல்றீங்களா? ஆறு வருஷம் இங்க வேலை பாத்துட்டு நீங்களே இப்படிப் பேசலாமா?"

"வந்துச்சு சார். என் கையில வந்துச்சு."

"அப்ப இதுவரைக்கும் உள்ள போன நாப்பதாயிரம் பேரு? அத்தனை கேசும் திரும்பக் கிளம்பும். பூட்டுகூட இல்லாம தூங்குறாங்க ஜனங்க. அவங்களை நெனச்சுப் பாருங்க."

"நான் ஒருத்தரத்தான் சார் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

ஜெபராணியைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். ஜெபராணி அவளைக் கழிவறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "நானும்தான்டி ஊத்தியிருக்கேன். யாருதான் ஊத்தல? உன் கையில ரெண்டு தரம் ஒண்ணா வந்துபோச்சு, அதுக்கு எல்லாரும் ஜெயிலுக்குப் போணுமா? வாய மூடிட்டு வேலையப் பாரு."

அவள் மூடவில்லை. நீதிமன்றத்துக்கு மனு எழுதினாள். ஓய்வுபெற்ற நீதிபதி சௌந்தரவல்லியின் தலைமையில் மூன்று பேர் கொண்ட ஆய்வுக்குழு அமைந்தது. நீதிபதி நியாயமான மனுஷி. வாக்குமூலத்தை இரண்டு முறை படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரே அலைக்கோட்டை உங்களால் இரண்டாம் முறை செய்ய முடியும் என்றால், எங்கள் முன்னால் செய்து காட்டுவீர்களா?"

"செய்றேங்கம்மா. ஒன்பதாம் மேசையும் அந்த விசிறியும் வேணும்."

இரண்டையும் கொடுத்தார்கள். மூன்று வாய்ப்பும் கொடுத்தார்கள். குற்றவாளியோடு தொடர்புள்ள எந்தச் சோதனையும் அவர் கண்ணெதிரில்தான் நடக்கவேண்டும் என்பது சட்டம். எனவே கோதண்டத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவள் அவரை நேரில் பார்த்தது அன்றுதான். செய்தித்தாள் முகத்தைவிட இளைத்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. இரண்டு காவலர்களுக்கு நடுவில் நின்று, சுற்றியிருந்த குடுவைகளையும் குழாய்களையும் ஒரு தொழில்காரரின் ஆர்வத்தோடு பார்த்தார். கூரையில் விசிறி தட்டியதும் அண்ணாந்து, "தாங்கி போயிருக்கு" என்றார் தனக்குள்.

தில்லைக்கரசி ஊசிக்குழலை எடுத்தாள். எண்ணெய் சூடேறியது. முதல் பாய்ச்சல். எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... மாறிப் போட்ட பொத்தான் கண்ணில் பட்டது. இவருக்குச் சட்டை எடுத்துக்கொடுக்க மூன்று வருடமாக ஆள் இல்லை. என்னால்தான். பதினொன்று தாண்டிப் பன்னிரண்டு ஆகியிருந்தது. ஊசிமுனை குடுவையின் வாயில் பட்டுக் 'கிணிங்' என்றது.

அலைமானி சொல்லிற்று: 'புதியது. ஏற்றுக்கொள்ளப்பட்டது.'

ஆறு வருடமாக அவள் கேட்டு மகிழ்ந்த வார்த்தைகள். அன்றைக்கு அவை கன்னத்தில் அறைந்தன.

இரண்டாம் முறை கை இன்னும் மோசம். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டும் நிற்கவில்லை. 'புதியது. ஏற்றுக்கொள்ளப்பட்டது.'

மூன்றாம் குடுவைக்கு எண்ணெய் சூடாகும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கினாள். அப்போது கோதண்டம் பேசினார். காவலர் தடுக்கவில்லை.

"பதறாதம்மா. நான் எங்க போகப்போறேன்? நிதானமா செய்யி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். சபித்திருந்தால்கூட வேலையை முடித்திருப்பாள். அந்தக் குரலில் இருந்த அன்புதான் அவளை உடைத்துவிட்டது. அலைமானி மூன்றாவது தடவையும் வாழ்த்துச் சொன்னது. மூன்று கோடும் மூன்று விதம்.

நீதிபதி சௌந்தரவல்லி பேனாவை மூடினார். "உங்கள் மனசாட்சியை நான் மதிக்கிறேன். ஆனால் கருவி சொல்வதை நான் தாண்ட முடியாது. மீண்டும் செய்ய முடியும் என்ற நம்பிக்கை வந்தால், ஒரு வருடத்துக்குள் இன்னொரு முறை மனு செய்யலாம்."

மறுநாள் எல்லாத் தாள்களிலும் மூன்று அலைக்கோடுகளும் அருகருகே வந்தன. ஒரே கை, ஒரே மேசை, ஒரே நாள், ஆனாலும் ஒன்றுபோல் ஒன்றில்லை! சாட்சிமணியின்மேல் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் ஒழிந்தது என்று தலையங்கம் எழுதினார்கள். ஆலை அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுப்பார்களா? பாலகுரு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மூணு தடவையும் மூணு தினுசு! மனசுல உறுத்தல் இருக்கற கை மாதிரி ஒரு கை கிடைக்காது போங்க."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். மேலிடம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதத்திலிருந்து ஆளெடுப்பில் ஒரு கேள்வி சேர்ந்தது: 'யாருக்காவது தீங்கு செய்துவிட்டோம் என்று உங்களுக்கு வருத்தம் உண்டா?' தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றவர்களுக்கு மேசை கிடைத்தது. நாட்டில் யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று சொல்லும் மணிகளை இப்போது குற்றம் உறுத்துகிற கைகள் செய்துகொண்டிருக்கின்றன. இதைப்பற்றி யாரும் தலையங்கம் எழுதவில்லை.

தில்லைக்கரசி வேலையை விடவில்லை. ஒன்பதாம் மேசை அங்கேதானே இருக்கிறது? தினமும் அந்த எண்களையே எண்ணினாள். பதினொன்று, ஏழு, பத்தொன்பது, ஒன்பது, பதிமூன்று. தினமும் கோதண்டத்தின் சட்டைப் பொத்தான் குறுக்கே வந்தது. தினமும் 'புதியது.' எட்டு மாதம் இப்படியே போயிற்று.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு காலை அலைமானி, 'ஏற்கெனவே உள்ளது. குழல் கழுவப்பட்டதா?' என்று கேட்டது.

அவள் கழுவினாள். மூன்று முறை கழுவினாள். ஜெபராணியைக் கூப்பிட்டு அவள் கையாலும் கழுவச் சொன்னாள். அதே பதில். திரையில் ஐந்து மேடுகள், நான்காவது மேட்டின் வலது சரிவில் புடைப்பு. ஜெபராணி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நான் வந்து சாட்சி சொல்றேன்டி" என்றாள் கடைசியில்.

கழுவாத குழல் என்றுதான் ஆலை சொல்லும், சொல்லிற்று; விதிப்படி குடுவையையும் கொட்டவைத்துவிட்டது. அதனால் ஆய்வுக்குழு முன்னால் மறுபடி செய்து காட்டவேண்டும். வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள். செய்தியைத் தன் வாயாலேயே சொல்லவேண்டும் என்று திங்கட்கிழமை பகல் சிறைக்குப் போனாள் தில்லைக்கரசி.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கோதண்டம் வந்து உட்கார்ந்தார். அவள் மூச்சுவாங்கச் சொன்னாள்.

"வந்துடுச்சுங்க. அதே கோடு. அதே புடைப்பு. ஜெபராணியும் பாத்தா."

அவர் வலையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டார்.

"கை நடுங்கலையா?"

"நடுங்கலங்க."

"எப்படிம்மா? அன்னைக்கு அந்த நடுக்கம் நடுங்குனியே. ஏதாவது மருந்து சாப்பிட்டியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் ஒரு சொட்டுப் பொய்யின் விலையாகத்தான் இந்த மனிதர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"இல்லங்க. அன்னைக்குக் காலைல எங்க வீட்டுக் குழாய் ஒழுகிட்டிருந்துச்சு. ஆளைக் கூப்பிடணுமேன்னு அதையே நெனச்சுக்கிட்டு ஊத்தினேன். எட்டு மாசத்துல அன்னைக்கு ஒரு நாளுதான்..." முன்னாலிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கு ஒரு நாளுதான் உங்கள நெனக்கலங்க."

கோதண்டம் மெதுவாகத் தலையாட்டினார். கோபமில்லை. பழுது எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட மெக்கானிக்கின் முகம்.

"அதானே பாத்தேன். நெனச்சா வராதுல்ல? பரவால்லம்மா. வியாழக்கிழமையும் நெனக்காத. நான் வேணா தூணுக்குப் பின்னால நின்னுக்கறேன். என்னைப் பாக்கவே பாக்காத, சரியா?"

தில்லைக்கரசி சரி என்று தலையாட்டினாள். பலகைமேல் வைத்திருந்த வலது கை ஆட ஆரம்பித்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்தாள். அதுவும் சேர்ந்து ஆடியது. இரண்டையும் மடியில் இறக்கி மறைத்துக்கொண்டாள்.

அவர் பார்த்துவிட்டார். பார்க்காததுபோல், "குழாய சரி பண்ணிட்டியா?" என்று கேட்டார்.

வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.